சாம்பியன் ரீஃபும் சொத்தைப் பல்லும்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பல் கிளினிக். காத்திருக்கும் பெஞ்சில் என் பக்கத்தில் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வந்த ஒரு பாட்டி. மடியில் நாலு வயதுப் பேரன். பையன் வாயைத் திறந்தால் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் காப்பிப்பொடி நிறத்தில், பாதி கரைந்த கற்கண்டு மாதிரி தெரிகின்றன. கீழ்வரிசை மட்டும் முல்லை மொட்டு. அப்பாவும் அம்மாவும் விடியுமுன்பே மாரிக்குப்பத்தில் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். தங்கவயலில் பாதி வீடுகளில் இதுதான் கதை. பிள்ளை பாட்டியிடம்.

"பூச்சி அரிச்சிடுச்சுப்பா. ராத்திரியெல்லாம் கத்துறான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்ப்பா, பொறந்ததுலேருந்து இவனுக்கு எத்தன ஊசி போட்டிருக்கோம். அம்மைக்குப் போட்டோம், காமாலைக்குப் போட்டோம், போலியோ சொட்டு ஊத்துனோம். இந்தப் பல்லுப் பூச்சிக்கு மட்டும் ஒரு ஊசி கண்டுபுடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

வெகுளிக் கேள்வி இல்லை இது. லண்டனிலும் பாஸ்டனிலும் அலபாமாவிலும் பெரிய பெரிய விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்டது இதே கேள்வியோடுதான். ஊசி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதில்தான், நம் வாய்க்குள் எதிர்ப்பொருள் என்கிற ஆன்டிபாடி என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்கிற விஷயம் முழுவதும் இருக்கிறது.

முதலில் அந்தப் பூச்சி. நாம் 'பூச்சிப் பல்' என்கிறோம். இங்கே பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் 'ஹுளுகு ஹல்லு' என்பார். அதிலும் ஒளிந்திருப்பது புழுதான். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு அந்தப் புகையை வாயில் பிடித்து 'பூச்சி எடுக்கிற' வைத்தியம் ஒரு தலைமுறைக்கு முன்வரை தெருவுக்குத் தெரு இருந்தது. புகை பிடித்த பிறகு கிண்ணத்துத் தண்ணீரில் வெள்ளையாக ஏதோ மிதக்கும், அதுதான் பூச்சி என்று காட்டுவார்கள். என் அம்மா அதைப் பார்த்திருக்கிறார், இன்றும் நம்புகிறார். நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். ஏனென்றால் 'ஏதோ ஓர் உயிர் பல்லை அரிக்கிறது' என்ற அடிப்படையில் அவர் சொல்வது சரி. அளவில்தான் தப்பு.

அந்த உயிரை 1924இல் லண்டனில் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்தார். மணி கோத்தது போல் வரிசையாக நிற்கும் உருண்டைக் கிருமிகளின் குடும்பம்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதில் இது மட்டும் கொஞ்சம் நீள்வட்டமாக, உருமாறினாற்போல இருந்ததால் 'மியூட்டன்ஸ்' என்று பெயர் வைத்தார். அதோடு உலகம் அதை மறந்தே போனது. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் எலிகளையும் வெள்ளெலிகளையும் வைத்துச் செய்த சோதனைகளில்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிக்கு எவ்வளவு சர்க்கரை கொடுத்தாலும் பல் சொத்தையாகவில்லை. சொத்தையுள்ள வெள்ளெலியிடமிருந்து சொத்தையில்லாத வெள்ளெலிக்கு நோய் தொற்றியது. சொத்தை ஒரு தொற்று என்று அப்போதுதான் தெரிந்தது. வாயில் வேறு கிருமிகளும் இந்த வேலையைச் செய்கின்றன என்று இன்றைக்குத் தெரியும். ஆனாலும் கூட்டத்தில் முதல் குற்றவாளி மியூட்டன்ஸ்தான்.

இது எப்படித் துளை போடுகிறது என்பதைத் தங்கவயல்காரனுக்குச் சொல்வது சுலபம். சாம்பியன் ரீஃப் போன்ற நம் தங்கச் சுரங்கங்களில், இறங்கு குழியான ஷாஃப்டின் வாய் சின்னது. உள்ளே போனால் லெவல் லெவலாக விரியும். சொத்தையும் அப்படியே. பல்லின் மேற்பூச்சான எனாமல் நம் உடம்பிலேயே கெட்டியான பொருள், 96 சதவீதம் கனிமம். அதில் ஊசிமுனை அளவு கரும்புள்ளிதான் வெளியே தெரியும். அதைத் தாண்டி உள்ளே டென்டின் என்ற மெத்தென்ற பகுதியை அடைந்துவிட்டால், பக்கவாட்டில் குடைந்துகொண்டே போகும். மேலே கூரை நன்றாகத்தான் இருக்கும். ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது பொலபொலவென்று இடியும். சுரங்கத்தில் பாறை வெடித்து இடியும் ராக் பர்ஸ்ட் மாதிரி.

குடைவதற்கு அதனிடம் இருக்கும் கருவிகள் இரண்டு. ஒன்று அமிலம். சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக வெளியேற்றுகிறது. வாயின் அமில அளவு பி.எச். 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். ஒரு வாய் இனிப்புக்குப் பிறகு சில நிமிடங்களில் அது இறங்கிவிடும். உமிழ்நீர் அதை மீண்டும் ஏற்ற அரை மணி, முக்கால் மணி ஆகும். அதற்குள் அடுத்த பிஸ்கட் வந்தால் ஏறவே ஏறாது. இன்னொன்று பசை. இதன் உடம்பிலிருந்து வெளிவரும் குளுகோசில்டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி, நாம் காப்பியில் போடும் அதே சர்க்கரையை இரண்டாக உடைத்து, குளுகோஸ் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கரையாத ஒரு பிசினாக்குகிறது. காலையில் நாக்கால் தடவினால் பல் மேல் வழவழவென்று தெரிகிறதே, அதில் இந்தப் பிசினும் உண்டு. அமிலத்தை உமிழ்நீர் கழுவ விடாமல் பல்லோடு சேர்த்துப் பூட்டி வைப்பது இதுதான்.

இப்போது ஆன்டிபாடிக்கு வருவோம். கொரோனா வந்ததிலிருந்து அந்தச் சொல் எல்லார் வாயிலும் புழங்குகிறது. கிருமியைக் கண்டால் அடித்துக் கொல்லும் போலீஸ்காரன் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஆன்டிபாடி யாரையும் கொல்வதில்லை. அது ஒரு கொக்கி. ஆங்கில 'Y' எழுத்தின் வடிவம்; நம் எழுத்தில் அப்படி ஒன்றைச் சொல்ல முடியவில்லை, கவட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிளைகளும் கிருமியைப் பிடிக்கும். அடிக்காம்பு ஆளைக் கூப்பிடும். ரத்தத்தில் கூப்பிட்டால் வெள்ளணுக்கள் ஓடிவந்து விழுங்கும். உமிழ்நீரில் கூப்பிட்டால்? வருவதற்குப் பெரிதாக ஆளில்லை. அங்கே இருப்பது பெரும்பாலும் ஐஜிஏ என்ற வகை. இரண்டு கவட்டைகள் அடியோடு அடி கட்டப்பட்டு, ஜீரண நொதிகள் வெட்டாமலிருக்க மேலே ஒரு புரதம் சுற்றப்பட்டு வருகிறது. கூப்பிடும் வேலை அதற்கு அவ்வளவாகக் கிடையாது. பிடிக்கும் கை மட்டும் நான்கு.

அதனால்தான், சோதனைக் குழாயில் மியூட்டன்ஸோடு ஆன்டிபாடியை மட்டும் சேர்த்தால் கிருமி செத்து விழுவதில்லை. கலங்கலாக இருந்த திரவத்தில் கிருமிகள் ஒன்றையொன்று பற்றித் திரண்டு, வடாம் மாவுக் கட்டி போல அடியில் தங்கும். உயிரோடுதான் தங்கும். வாய்க்குள் இதுவே நடந்தால் அந்தக் கட்டி பல்லைப் பிடிக்க முடியாமல் உமிழ்நீரோடு தொண்டைக்குள் போய்விடும். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் விழுங்குகிறோம். வயிறு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஐஜிஏ குறிவைக்கும் இடங்கள் இரண்டு என்று ஆய்வுகள் காட்டின. கிருமியின் மேல்தோலில் 'ஆன்டிஜென் ஒன்று பை இரண்டு' என்ற நீளமான புரதம் இருக்கிறது. பல்லின் மேல் உமிழ்நீர் போட்டு வைத்திருக்கும் மெல்லிய படலத்தை அதுதான் முதலில் பற்றுகிறது. அந்தக் கையை ஆன்டிபாடி பிடித்துவிட்டால் கிருமி இறங்கத் தரை கிடைக்காது. இரண்டாவது, முன்னே சொன்ன பிசின் செய்யும் நொதி. அதன் வேலை செய்யும் இடத்தை ஆன்டிபாடி அடைத்துவிட்டால் சர்க்கரை இருந்தும் பசை வராது. வளர்ச்சியைத் தடுப்பது என்றால் இங்கே கிருமியின் பெருக்கத்தைத் தடுப்பதல்ல, குடியேற்றத்தைத் தடுப்பது. இந்த வித்தியாசம் புரிந்தால் மீதிக் கதை முழுவதும் புரியும். ஏற்கெனவே பிசினுக்குள் வீடு கட்டிக் குடியேறிவிட்ட கிருமிக் கூட்டத்துக்கு, வெளியே மிதந்து போகும் கவட்டையால் பெரிய தொந்தரவு இல்லை.

(ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் மட்டும் ரத்தத்திலிருந்து ஐஜிஜி வகை ஆன்டிபாடி கசிந்து வரும், கூடவே வெள்ளணுக்களும் வரும். அங்கே கொஞ்சம் அடிதடி நடக்கும். பல்லின் கடிக்கும் பரப்புக்கு அது எவ்வளவு தூரம் எட்டும் என்பதில் அந்தக் காலத்திலேயே கட்சி பிரிந்து சண்டை போட்டார்கள்.)

இனி ஊசியின் கதை. 1969இல் இங்கிலாந்தில் வில்லியம் போவன் குரங்குகளுக்கு மியூட்டன்ஸ் கிருமியையே ஊசியாகப் போட்டு, சொத்தை குறைவதைக் காட்டினார். லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் லேனர் ரீசஸ் குரங்குகளில் அதைப் பல வருஷம் தொடர்ந்தார். 1976இல் அலபாமாவில் சுசான் மிகாலெக்கும் கூட்டாளிகளும் கொன்ற கிருமியை எலிகளுக்குத் தின்னக் கொடுத்து, ஊசியே இல்லாமல் உமிழ்நீரில் ஐஜிஏவை வரவழைத்தார்கள். பாஸ்டன் ஃபோர்சைத் நிறுவனத்தில் டவுப்மனும் ஸ்மித்தும் பிசின் நொதியைக் குறிவைத்தார்கள். எலிக்கு, வெள்ளெலிக்கு, குரங்குக்கு எல்லாம் பலித்தது.

பிறகு இதயம் குறுக்கே வந்தது. மியூட்டன்ஸுக்கு எதிராக முயலில் உண்டாக்கிய சில ஆன்டிபாடிகள் மனித இதயத் தசையிலும் ஒட்டுவதாகச் செய்திகள் வந்தன. இதை அலட்சியம் செய்ய முடியாது, அதுவும் நம் ஊரில். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் இன்னொரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இதே மாதிரி ஆள்மாறாட்டத்தால்தான் பிள்ளைகளுக்கு மூட்டு வாதக் காய்ச்சலைக் கொடுத்து இதய வால்வைக் கெடுக்கிறது. இந்தியாவில் ஏழைக் குடும்பங்களில் அது இன்றும் ஒழியாத நோய். முழுக் கிருமியை விட்டுவிட்டு, ஆபத்தில்லாத ஒரு துண்டுப் புரதத்தை மட்டும் கொடுக்கலாம் என்று வழி கண்டார்கள். ஆனால் உயிர் போகாத ஒரு நோய்க்கு, லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு இதயம் கெடும் சாத்தியம் இருந்தால்கூட எந்தத் தாய் கையை நீட்டுவாள்? ஃப்ளூரைடு பற்பசை கடைக்குக் கடை கிடைக்கும்போது எந்தக் கம்பெனி பணத்தைக் கொட்டும்? ஊசி நின்றது அறிவு போதாமல் அல்ல. இந்தக் கணக்கில்தான் நின்றது என்பது என் அபிப்பிராயம்.

ஊசி வேண்டாம், ஆன்டிபாடியையே வெளியிலிருந்து கொண்டுவந்து வாயில் தடவிவிடலாமே என்று அடுத்த யோசனை. ஜூலியன் மா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் புகையிலைச் செடியின் மரபணுவை மாற்றி, அதன் இலையில் மனித உமிழ்நீர் ஐஜிஏ போன்ற ஆன்டிபாடியை விளைவித்தார்கள். பல்லைக் கெடுக்கிற புகையிலை பல்லைக் காக்கும் மருந்தாகிறது! 1998இல் முடிவு வந்தது. முதலில் கிருமிநாசினியால் வாயைத் துடைத்து மியூட்டன்ஸை விரட்டிவிட்டு, பற்களில் இந்தச் செடி ஆன்டிபாடியைத் தடவினார்கள். தடவிய மருந்து வாயில் தங்கியது அதிகபட்சம் மூன்று நாள். ஆனால் மியூட்டன்ஸ் நான்கு மாதமாவது திரும்பி வரவில்லை. எப்படி? காலியான இடத்தில் மற்ற நல்ல கிருமிகள் அதற்குள் குடியேறிவிட்டன என்பதுதான் விளக்கம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதை. ஜப்பானில் கோழிக்கு ஊசி போட்டு, முட்டை மஞ்சள் கருவில் சேரும் ஆன்டிபாடியை எடுத்து வாய் கொப்பளித்துப் பார்த்தார்கள்.

இதே செடி ஆன்டிபாடியைச் சோதித்த இன்னொரு அமெரிக்க ஆய்வு 2005இல் வெளியானது. பாதுகாப்பானது, ஆனால் வெறும் தண்ணி மருந்தைவிட ஒன்றும் பெரிதாகப் பலன் இல்லை என்றது.

இங்கே ஒரு நிமிஷம் நம் ஊருக்குள் இறங்க வேண்டியிருக்கிறது, நிஜமாகவே இறங்க வேண்டும். சொத்தையை ஏட்டில் 'பற்சிதைவு' என்பார்கள்; அந்தச் 'சிதைவு' என்ற சொல்லுக்கும் தங்கவயலுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1980 முதல் இங்குள்ள தங்கச் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் 140 டன் இரும்புக் கருவியை நிறுத்தி, அணுக்கருத் துகளான புரோட்டான் சிதைகிறதா என்று காத்திருந்தார்கள். அதற்கும் முன்பு 1965இல், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற துகளை உலகில் முதலில் கண்ட இடங்களில் ஒன்று இது. புரோட்டான் சிதைவைத் தேடிய எம்.ஜி.கே. மேனன் குழு 1981இல், சிதைவாக இருக்கலாம் என்று தோன்றும் மூன்று நிகழ்வுகளை அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஜப்பானின் கமியோகாண்டே உள்ளிட்ட பெரிய கருவிகள் பிற்பாடு தேடியபோது எதுவும் தென்படவில்லை. சுரங்கத்தில் மூன்று நிகழ்வுகள், புகையிலை ஆன்டிபாடிக்கு நான்கு மாதங்கள். விஞ்ஞானத்தில் முதல் கை நன்றாக விழுந்துவிட்டால் ஜெயித்துவிட்டதாக ஆகாது என்று நம் ஊர் ரிட்டயர்டு சுரங்கத் தொழிலாளிகள் டீக்கடையில் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். தங்கம் கண்ட மகராசன்கள் அவர்கள். தங்கம் ஓடும் பாறை நரம்பான ரீஃப் எப்படி மின்னிவிட்டு மறையும் என்று தெரியும்.

சரி, இயற்கையாக வாயில் ஊறும் ஐஜிஏவை அளந்தால் யாருக்குச் சொத்தை வரும் என்று சொல்ல முடியுமா? தங்கவயலிலேயே பெமல் நகரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாடு முழுக்க இப்படியான கல்லூரிகளில் மேற்படிப்பு மாணவர்கள் குழந்தைகளின் எச்சிலைச் சேகரித்து இதைத் திரும்பத் திரும்ப அளந்திருக்கிறார்கள். ஒரு ஆய்வு சொத்தைப் பிள்ளைகளுக்கு ஐஜிஏ குறைவு என்கிறது. இன்னொன்று அதிகம் என்கிறது. இரண்டும் பொய்யில்லை. குறைவாக இருந்ததால் சொத்தை வந்திருக்கலாம். சொத்தை வந்ததால் உடம்பு பயந்து அதிகம் சுரந்திருக்கலாம். நெருப்புக்குப் பக்கத்தில் தண்ணீர் வண்டி நிற்பதைப் பார்த்து, தண்ணீர் வண்டிதான் நெருப்பு வைத்தது என்று சொல்ல முடியாதல்லவா. எந்த ஆன்டிபாடி, எந்தக் கிருமிக்கு எதிராக, எந்த வயதில் என்று பார்க்காமல் மொத்த ஐஜிஏவை மட்டும் அளப்பதில் அர்த்தம் குறைவு.

வயதுதான் உயிர்நாடி. பிறந்த குழந்தையின் வாயில் பல் இல்லை. மியூட்டன்ஸ் நிலைத்துத் தங்கப் பல் வேண்டும். அலபாமாவில் பேஜ் காஃபீல்டு குழு 1993இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தக் கிருமி 19 மாதத்திலிருந்து 31 மாதத்துக்குள், கடைவாய்ப் பால்பற்கள் முளைக்கும் காலத்தில், தொற்றியது தெரிந்தது. அதற்கு முன்பே தொற்றுவதையும் வேறு ஆய்வுகள் காட்டின. தாய்ப்பாலில் ஐஜிஏ வருகிறது. குழந்தையின் சொந்த ஐஜிஏ மெதுவாகத்தான் ஏறும். இந்த இடைவெளியில், குடியேறுவதற்கு முன்பே கதவைச் சாத்துவதுதான் ஆன்டிபாடியால் முடிந்த ஒரே உருப்படியான வேலை. நாலு வயதில் ஊசி வந்தாலும் பாட்டியின் பேரனுக்கு அது விடிந்த பிறகு வந்த காவல்காரன்.

கிருமி எங்கிருந்து வருகிறது? மரபணு கைரேகை எடுத்துப் பார்த்ததில், பெரும்பாலும் தாயின் வாயிலிருந்தே. வளர்ப்பவர் வாயிலிருந்தும் வரும். சோற்றைப் பிசைந்து, சூடு பார்க்க ஒரு பருக்கையைத் தன் வாயில் போட்டு, அதே விரலால் பிள்ளைக்கு ஊட்டுகிறோமே, அந்தப் பாதை. முறுக்கை மென்று கூழாக்கிக் கொடுக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். பின்லாந்தில் தாய்மார்களுக்கு சைலிடால் சூயிங்கம் கொடுத்து, பிள்ளைக்கு இரண்டு வயதாகும்வரை மெல்லச் சொன்னார்கள். சூயிங்கத்தைப் பிள்ளை தொடவே இல்லை. ஐந்து வயதில் அந்தப் பிள்ளைகளின் சொத்தை வெகுவாகக் குறைந்திருந்தது. தாயின் வாயைச் சுத்தம் செய்தது, பிள்ளைக்கு ஊசி போட்டதற்குச் சமமாகிவிட்டது. அன்புக்குக் குறுக்கே நிற்கச் சொல்லவில்லை நான். சூடு பார்க்கப் புறங்கை போதும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். நூற்றிருபது வருஷத்தில் 800 டன் தங்கம் கொடுத்த ஊர். அந்தத் தங்கத்தில் ஒரு பங்கு உலகத்தில் எங்கெங்கோ பல் அடைக்கப் போயிருக்கும், அக்காலத்து நல்ல பல் டாக்டர்கள் தங்க இலையால்தான் சொத்தையை அடைத்தார்கள். வேலை போன பிறகு தகப்பன்மார் ரயிலேறினார்கள். பிறகு தாய்மாரும். பிள்ளை அழாமலிருக்க ஐந்து ரூபாய் பிஸ்கட்டும், தூங்கும்போது வாயில் பால் புட்டியும். தூங்கும்போது உமிழ்நீர் ஊறுவது ஏறக்குறைய நின்றுவிடும். மேல் முன்பற்களைச் சுற்றி இனிப்புப் பால் தேங்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றும், அடியிலிருக்கும் சுரப்பிகளும் ஈரம் காக்கும். பெஞ்சில் நான் பார்த்த அந்தக் கறுப்பு வரிசையும் முல்லை வரிசையும் இதனால்தான். ஒரே வாய், ஒரே ஆன்டிபாடி, ஒரே கிருமி. உமிழ்நீர் ஓடிய பக்கம் பிழைத்தது.

கோலார் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளூரைடு அதிகம் என்பது வேறொரு முரண். அளவோடு இருந்தால் எனாமலைக் கெட்டியாக்கும்; லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் பழுப்புத் திட்டு விழும், இன்னும் போனால் எலும்பையே முறுக்கும். கறை படிந்த பல்லோடு சொத்தையும் சேர்ந்து வந்த பிள்ளைகளை இங்கே பார்க்கலாம். தேசிய வாய்நல ஆய்வு 2002-03இல் எடுத்த கணக்கில், இந்தியாவின் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் சொத்தை.

டாக்டர் பேரனைக் கூப்பிட்டார். துளை போடவில்லை. சின்னக் குப்பியிலிருந்து ஒரு சொட்டுத் திரவத்தை பிரஷ்ஷில் தொட்டு நாலு பல்லிலும் தடவினார். சில்வர் டையமின் ஃப்ளூரைடு. வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃப்ளூரைடு பல்லை இறுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆன்டிபாடிக்கு முடியாததை, கொல்லும் வேலையை, இது செய்கிறது. விலை தடவும் பல்லுக்கு சில ரூபாய். தங்கம் எடுத்த ஊரில் கடைசியில் வெள்ளி வந்து நிற்கிறது.

"தடவுன எடம் கறுத்துடும்மா" என்றார் டாக்டர்.

"ஏற்கெனவே கறுப்புத்தானே. பால் பல்லுதானே, விழுந்துடும்" என்றார் பாட்டி.

ராத்திரி புட்டி கூடாது, வாயில் தொட்ட ஸ்பூனால் ஊட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினார். வெளியே வந்து எதிர்ச் சாரி டீக்கடையில் பேரனுக்குப் பால் சொன்னார். "சக்கர கம்மியா போடுப்பா." பையன் உதட்டைப் பிதுக்கினான். பாட்டி கடைக்காரரைப் பார்த்து, "சரி, ஒரு அரை ஸ்பூன் சேத்துப் போடு, அழுவான்" என்றார். டம்ளர் வந்தது. சூடாக இருக்கிறதா என்று தானே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, பேரன் கையில் கொடுத்தார்.